உங்களுக்குத் தெரியுமா? யான் வெயிலில் சிட்ரஸ் செண்ட்

சுங்கைப்பட்டாணிப் பேரங்காடிகளில் ஆண்களுக்கான விலையுயர்ந்த செண்ட் வரிசைக்குப் போய்ப் பாருங்கள். முகர்ந்து பார்க்கும் பாட்டில்களில் பல, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் வாசத்தில்தான் தொடங்கும். ஐந்நூறு, அறுநூறு ரிங்கிட் கொடுத்து ஒன்றை வாங்கி, கெடாவின் யான் ஊருக்குக் கொண்டுவந்து, மறுநாள் கல்யாண வீட்டுக்கு அடித்துக்கொண்டு போனால், தாலி கட்டுவதற்குள் வாசம் பறந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. சிட்ரஸின் பிறவிக் குணம் அது. அதைப் பிடித்து நிறுத்தும் சரக்கு என்ன என்று பார்த்து வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர்.

★ ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் வரும் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் லிமோனின் என்ற ஒரே சேர்மம்தான். அதன் மூலக்கூறு எடை 136. செண்டின் அடியில் நிற்கும் செயற்கைக் கஸ்தூரிகளில் பெயர்பெற்ற கேலக்ஸோலைடின் எடை 258. இலேசானது முதலில் ஆவியாகும். கனமானது தோலில் தங்கும். அதனால்தான் சிட்ரஸின் ஆட்டமெல்லாம் முதல் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. குளுகுளு பேரங்காடியில் இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கும். வெளியே 33 டிகிரி வெயிலில் அந்த அவகாசமும் கிடையாது.

★ எலுமிச்சை எண்ணெயிலும் லிமோனின்தான் பெரும்பங்கு. அப்படியானால் அது ஏன் ஆரஞ்சுபோல் மணக்கவில்லை? இரண்டு மூன்று விழுக்காடே இருக்கும் சிட்ரால் என்ற சேர்மம் செய்யும் வேலை அது. இந்தச் சிட்ராலுக்குப் பழமே தேவையில்லை. கொல்லைப்புறத்தில் புதராக வளரும் செராய்ப் புல்லின் எண்ணெயில் முக்கால் பங்கும் சிட்ரால்தான். பாத்திரம் கழுவும் திரவத்திலும் தரை துடைக்கும் மருந்திலும் வரும் ‘லெமன்’ வாசத்துக்கு இந்த மலிவான சிட்ரால் போதும்.

விலையுயர்ந்த சிட்ரஸ் செண்ட் தாண்டவேண்டிய முதல் தடை இதுதான். நம் மூக்குக்கு எலுமிச்சை என்றால் ஒரு பக்கம் அடுப்படி, இன்னொரு பக்கம் கோயில். ஆயுத பூசையன்று டயருக்கு அடியில் நசுங்குவதும் அதுதான்; தைப்பூசத்தில் காவடி எடுப்பவரின் மார்பிலும் முதுகிலும் கொக்கியில் தொங்குவதும் அதுதான். நல்ல செண்ட் கலைஞர் சிட்ராலை அளந்து போட்டு, கூடவே தோலின் கசப்பையும் இலையின் பச்சை வாடையையும் சேர்ப்பார். முகர்ந்தவுடன் சிங்க் ஞாபகம் வந்தால் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடலாம். பிராண்டின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

★ லிமாவ் பூருட் இலையின் எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரொனெல்லால். கொசுவை விரட்டும் சிட்ரொனெல்லா எண்ணெயிலும் அதே சேர்மம் உண்டு. தோம் யாம் கிண்ணத்தில் அமிர்தமாக இருப்பது சட்டைக் காலரில் கொசு மருந்தாகிவிடுவது இதனால்தான்.

★ வேப்பிலைக்கட்டியில் வேப்பிலை கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் மிளகாய், பெருங்காயத்தோடு இடித்துச் செய்வது. மோர் சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொள்ளும்போது வரும் பச்சைக் கசப்பு வாசத்துக்கு நெருங்கிய உறவு, ஆண்கள் செண்டில் வரும் பெட்டிகிரேன். அது கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையையும் இளங்குச்சியையும் காய்ச்சி வடித்த எண்ணெய்.

அந்த ஒரே மரம் மூன்று விதமாகக் காசு பார்க்கிறது. பழத்தோலைப் பிழிந்தால் ஓர் எண்ணெய், இலையை வடித்தால் ஓர் எண்ணெய், பூவை வடித்தால் நெரோலி. ஏறத்தாழ ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ நெரோலி கிடைக்கும். அட்டையில் ‘நெரோலி’ என்று போட்டிருப்பதால் மட்டும் உள்ளே அசல் பூ எண்ணெய்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அசலைச் சொட்டுக் கணக்கில் விட்டு, மிச்சத்தை ஆய்வுக்கூடச் சேர்மங்களால் நிரப்புவது விலையுயர்ந்த கடைகளிலும் வழக்கம்தான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. மணத்தால் தீர்ப்பு சொல்லுங்கள், பட்டியலால் அல்ல.

★ ஆண்கள் சிட்ரஸ் செண்டின் ராஜா பெர்கமோட். ஏர்ல் கிரே தேநீரில் வரும் அந்த வாசம்தான். இத்தாலியின் தென்கோடியில், காலாப்ரியாவின் கடலோரத்தில் ஒரு சிறு பட்டைநிலம்தான் உலக விளைச்சலில் பெரும்பகுதியைத் தருகிறது. பழம் சாப்பிட உதவாது. எல்லா மதிப்பும் தோலில்தான். நெருப்புக் காட்டாமல் தோலைச் சுரண்டிப் பிழிகிறார்கள். சுமார் 200 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ எண்ணெய். ஆரஞ்சு எண்ணெய் அப்படியில்லை. பழச்சாறு ஆலைகளின் துணை விளைபொருளாக மலிவாகக் கிடைக்கிறது.

இத்தாலிக்காரர்கள் தங்கள் சொத்தாகக் கொண்டாடும் பெர்கமோட்டின் வம்சாவளியைத் தோண்டினால் நம் பக்கம் வந்து நிற்கும். பெர்கமோட்டின் பெற்றோர் எலுமிச்சையும் கசப்பு ஆரஞ்சும். கசப்பு ஆரஞ்சின் பெற்றோர் மாண்டரின் ஆரஞ்சும் பம்ப்ளிமாஸும். பம்ப்ளிமாஸ் என்றால் நம் சந்தையில் குவிந்து கிடக்கும் லிமாவ் பாலிதான். சிட்ரஸ் குடும்பம் முழுவதும் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், அஸ்ஸாம், வட மியன்மார், மேற்கு யுன்னான் வட்டாரத்தில் தோன்றிப் பரவியது என்று 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. ஆக, தாத்தா பாட்டி ஆசியாவில்; பேரன் ஐரோப்பாவில் செண்ட் பாட்டிலுக்குள்.

★ காய்ச்சலில் படுத்த பிள்ளையின் நெற்றியில் ஓடிகோலோன் நனைத்த கைக்குட்டையைப் போட்ட தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆண்களின் சிட்ரஸ் செண்டுகளுக்கெல்லாம் மூத்தவர் அந்த ஓடிகோலோன்தான். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709இல் தொடங்கிய ஃபரினா கடையில், இத்தாலியரான யோஹான் மரியா ஃபரினா பெர்கமோட், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களைச் சாராயத்தில் கரைத்துச் செய்தது. ‘4711’ அதற்குப் பிந்தியது. 1792இல் தொடங்கிய இன்னொரு கடை அது. பிரெஞ்சுப் படை நகரத்தைப் பிடித்தபோது வீடுகளுக்குப் போட்ட இலக்கமே பெயராக நிலைத்துவிட்டது.

★ ஓடிகோலோனில் மணச்சரக்கு 2 முதல் 5 விழுக்காடு, ஓ டு துவாலெட்டில் 5 முதல் 15, ஓ டு பர்ஃபமில் 15 முதல் 20. இது பொதுவான கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விழுக்காடு கூடினால் சிட்ரஸ் அதிக நேரம் நிற்கும் என்பது மட்டும் தப்புக் கணக்கு. பெரும்பாலும் கூடுவது அடிச்சரக்குதான். அதே பெயரில் வரும் பர்ஃபம் பதிப்பு, துவாலெட்டைவிட இனிப்பாகவும் மரவாசமாகவும் இருப்பது இதனால்தான். யான் வெயிலுக்குத் துவாலெட்டே பொருத்தம் என்பேன். மதியம் இன்னொரு முறை அடித்துக்கொள்வதில் வெட்கம் என்ன?

★ 1966இல் டியோர் வெளியிட்ட ‘ஓ சோவாஜ்’ ஆண்கள் சிட்ரஸ் செண்டின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தது. செய்தவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. எலுமிச்சையும் பெர்கமோட்டும் போட்டு, அவற்றைத் தாங்க ஹெடியோன் என்ற புதுச் சேர்மத்தை அவர் சேர்த்தார். ஜெனிவாவின் ஃபிர்மனிஷ் நிறுவனத்தார் மல்லிகை வாசத்தை ஆராய்ந்ததன் பயனாகக் கிடைத்தது அது. தனியாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சிட்ரஸோடு சேர்ந்தால் அந்தப் புத்துணர்ச்சியை நீட்டிப் பிடிக்கும். இன்று மீசை முறுக்கும் ஆண்களின் ‘ஃபிரெஷ்’ செண்டுகள் பலவற்றுக்குள் மல்லிகையின் சொந்தக்காரர் ஒளிந்திருக்கிறார். மாலை, பூச்சரம் நிறைந்த கல்யாண மண்டபத்தில் இந்த வகைச் செண்ட் அமுங்கிப்போவதும் ஒருவேளை இதனால்தானோ என்னவோ.

★ சிட்ரஸ் ஓடிப்போன பிறகு தோலில் எஞ்சுவது மரம், வேர், பிசின், கஸ்தூரி. இவற்றில் நம் வட்டாரத்துக்குப் பழைய பங்கு உண்டு. ஜெராய் மலையின் தென்புறம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் என்று நாம் கொண்டாடும் இடம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், அகில் கட்டையின் வகைகளை வரிசைப்படுத்தும்போது ‘கிடாரவன்’ என்று ஒன்றைச் சொல்கிறார். கிடாரம் என்கிற கடாரத்திலிருந்து, அதாவது கெடாவிலிருந்து, வந்த அகில். பாரிஸ்காரர்கள் பாட்டிலில் ‘ஊத்’ என்று எழுதி விலையை இரட்டிப்பாக்கும் அதே அகிலுக்குத் தமிழ்ச் சந்தையில் ஒரு காலத்தில் கெடாவின் முத்திரையே குத்தப்பட்டிருந்தது!

★ சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. காலம் 1088. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு நாட்டியது. கப்பலோடு வருகிறவர்கள் பொன்னாகக் கட்டவேண்டிய தீர்வைக்கு அதில் கஸ்தூரி விலையை அளவாக வைத்திருக்கிறார்கள். சரியாக 800 ஆண்டு கழித்து, 1888இல், வெடிமருந்து ஆராய்ச்சியில் இருந்த ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மானியர் தற்செயலாகச் செயற்கைக் கஸ்தூரியைக் கண்டுபிடித்தார். பொன்னுக்கு ஈடாக இருந்த வாசம் துணி சோப்பு வரை இறங்கி வந்த கதையின் தொடக்கம் அங்கேதான்.

★ சில கஸ்தூரிச் சேர்மங்கள் சிலருடைய மூக்குக்கு அறவே எட்டாது. மூக்கில் கோளாறு இல்லை, பிறவி அமைப்பு. ‘என் செண்ட் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது’ என்று சொல்பவரிடம், பக்கத்தில் இருக்கும் மனைவி ‘தலை வலிக்குது, கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்பது இப்படித்தான் நடக்கிறது.

★ யானில் கம்போங் ஆச்சே என்ற கிராமம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் ஆச்சே மீது போர் தொடுத்த காலத்தில் கடல் தாண்டி வந்தவர்கள் ஜெராய் அடிவாரத்தில் அமைத்த குடியிருப்பு. அவர்களுடைய தாய்மண்ணான ஆச்சே, இன்று உலகச் சந்தையில் பச்சௌலி எண்ணெய்க்குப் பெயர்பெற்றது. ஈரமண் வாசமுள்ள அந்த இலை எண்ணெய், சிட்ரஸ் செண்டுகளுக்கு நங்கூரம்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? ஹெர்மேஸின் ‘டெர் டெர்மேஸ்’, 2006இல் ஜான்-குளோட் எலெனா செய்தது. தொடக்கம் ஆரஞ்சும் கிரேப்ஃபுரூட்டும். நடுவில் மிளகு. அடியில் வெட்டிவேர், பச்சௌலி, சாம்பிராணி. பட்டியலைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் பாதி பலசரக்குக் கடை, பாதி நாட்டு மருந்துக் கடை. வெள்ளிக்கிழமை தூபக்காலில் புகையும் சாம்பிராணியும் அம்மா பானைத் தண்ணீரில் போட்ட வெட்டிவேரும் அறுநூறு ரிங்கிட் பாட்டிலில் திரும்பி வருகின்றன. நம் வெயிலில் மூன்றாவது மணி நேரத்திலும் அது நிற்பதற்கு அந்த வேரும் பிசினும்தான் காரணம். சிட்ரஸ் மட்டும் வேண்டும் என்பவருக்கு இது கொஞ்சம் கனம். அவர்கள் 1916இல் பார்மா நகரில் பிறந்த ‘கொலோனியா’ போன்ற பழைய பாணிக்குப் போகலாம். அழகு அதிகம், ஆயுள் குறைவு.

★ எலுமிச்சைச் சாறு கையில் பட்டு, அந்தக் கையோடு வெயிலில் நின்றால் மறுநாள் தோல் சிவந்து, பிறகு கறுத்துப் போகலாம். பழத்தோல் எண்ணெயில் இருக்கும் ஃபியூரோகுமரின்கள் சூரியனின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து செய்யும் வேலை. பெர்கமோட்டில் இருக்கும் பெர்காப்டென் இதில் பேர்போனது. முன்காலத்தில் செண்ட் வழிந்த கழுத்தில் பதக்கம் தொங்குவதுபோலக் கறுப்புத் தழும்பு விழுவது மருத்துவ நூல்களில் ஏறும் அளவுக்கு இருந்தது. இன்று பெரிய கம்பெனிகள் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயையே போடுகின்றன. பன்னாட்டு நறுமணப் பொருள் சங்கமான இஃப்ரா வரம்பும் வைத்திருக்கிறது. பசார் மாலாமில் கிடைக்கும் பெயர் தெரியாத பாட்டிலுக்கும், வீட்டில் தோல் பிழிந்து செய்யும் ‘இயற்கை’ செண்டுக்கும் அந்தக் காவல் இல்லை. அவற்றைச் சட்டைக்குள் மறையும் இடத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

★ கிரேப்ஃபுரூட் வாசத்தின் உயிர் ஒரு கந்தகச் சேர்மம். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைப் பிடித்துவிடும். மனித வியர்வை வாடையிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. இரண்டும் ஒரே அக்குளில் சந்தித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. குளிக்காமல் செண்ட் அடிக்கும் பழக்கத்துக்குக் கிரேப்ஃபுரூட் தோதுப்படாது.

★ செண்ட் கடையில் காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டி, ‘முகர்ந்தால் மூக்கு தெளியும்’ என்பார்கள். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் காப்பிக்கொட்டை, எலுமிச்சைத் துண்டு, வெறும் காற்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. கடைக்கு வெளியே போய் நாலு தரம் மூச்சு வாங்கினால் போதும்.

★ சரி, எப்படிச் சோதிப்பது? அட்டைத் துண்டில் முகர்வது வேண்டாததைத் தள்ளுவதற்கு மட்டும். பிடித்ததில் ஒன்றை இடது முன்கையிலும் இன்னொன்றை வலது முன்கையிலும் அடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். தேய்க்கத் தேவையில்லை, தேய்த்தால் சூடேறி, முதலில் எழும் தலைவாசம் சீக்கிரம் போகும், அவ்வளவே. வாங்காமல் வெளியே வாருங்கள். விற்பனைப் பெண் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குளிரூட்டிய காரில் உட்காராமல் வெயிலில் நடங்கள். பத்தாவது நிமிடம் ஒரு தரம் முகருங்கள். அப்போது சிட்ரஸ் இன்னும் பழமாக மணக்கிறதா, மிட்டாயாக மாறிவிட்டதா என்று தெரியும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தரம். இதுதான் முக்கியமான கட்டம். நல்ல செண்டில் சிட்ரஸ் போன இடம் தெரியாமல் அடுத்த வாசம் வந்து உட்கார்ந்திருக்கும். மட்டமானதில் நடுவில் ஒரு பள்ளம் விழும். சாராய நெடியும் சவர்க்கார வாடையும் தலைகாட்டும். மூன்றாவது மணி நேரத்தில் நீங்கள் முகராதீர்கள். உங்கள் மூக்கு அதற்குள் பழகியிருக்கும். வீட்டில் யாரையாவது முகரச் சொல்லுங்கள், என்ன செண்ட் என்று சொல்லாமல்.

ஆசைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஜெராய் உச்சி 1,217 மீட்டர். அடிவாரத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர். யானில் சட்டென்று மங்கும் சிட்ரஸ் அங்கே கூடுதல் நேரம் இழுப்பதை உணரலாம். ஐரோப்பியர் எழுதும் ‘எட்டு மணி நேரம் நிற்கும்’ மதிப்புரைகளை எந்தத் தட்பவெப்பத்தில் எழுதினார்கள் என்பது அப்போது உறைக்கும்.

★ வறண்ட தோலில் சிட்ரஸ் தங்காது. அடிப்பதற்கு முன் வாசமில்லாத கிரீமை மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அதன் வாசம் குறுக்கே வரும். பருத்திச் சட்டையில் அடித்தால் தோலைவிட அதிக நேரம் நிற்கும், ஆனால் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை விழும் ஆபத்து உண்டு.

★ வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் செண்ட் பாட்டில் வைத்திருக்கிறீர்களா? லிமோனின் சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றோடு சேர்ந்து கெடும். வாசம் டர்பன்டைன் பக்கம் சாயும். கெட்டுப்போன லிமோனின் தோலில் ஒவ்வாமையும் உண்டாக்கும். அழகுக்கு அலமாரி மேல் வரிசையாக அடுக்காமல், பெட்டியோடு இருட்டான உடுப்பு அலமாரிக்குள் வையுங்கள். மர வாசச் செண்டுகள் பத்து வருடம் பொறுக்கும். சிட்ரஸைச் சேமித்து வைப்பதில் அர்த்தமில்லை. வாங்கியதை அடித்துத் தீர்ப்பதே மரியாதை.

★ லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. கோலக்கெடாவிலிருந்து படகு. செண்ட் வாங்கவே போகிறவர்கள் உண்டு. ஆனால் படகுக் கட்டணம், தங்கும் செலவு, கூட வரும் குடும்பத்துக்குச் சாக்லேட், பீங்கான் தட்டு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் செண்ட் மலிவு என்று சொல்ல நிறைய நெஞ்சழுத்தம் வேண்டும்.

★ ஒரு தரம் அமுக்கினால் வெளிவருவது ஏறக்குறைய 0.1 மில்லி. 100 மில்லி பாட்டிலில் சுமார் ஆயிரம் அமுக்கு. அறுநூறு ரிங்கிட் பாட்டில் என்றால் அமுக்கு ஒன்றுக்கு அறுபது சென். காலையில் நான்கு அடித்தால் இரண்டு ரிங்கிட் நாற்பது. ஒரு தே தாரிக் காசு. மதியமும் நான்கு அடித்தால் நாலு ரிங்கிட் எண்பது. பக்கத்தில் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.